போடோலா துரோகியா?

கேள்வி: இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ருமேனியாவின் பெரிய கால்பந்து நட்சத்திரம் யூலியு போடோலா. அவரே 1940-க்குப் பிறகு ஹங்கேரி அணிக்காக ஆடினாராமே? வளர்த்துவிட்ட நாட்டுக்கு இது துரோகம் இல்லையா?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: யூலியு பாரட்கியைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்பீர்களா? ஒரடியா நகரத்துக்காரர். முதலில் ஹங்கேரிக்கு ஆடினார், 1933-இல் ருமேனியாவுக்கு மாறினார், 1938 உலகக் கோப்பையிலும் ஆடினார். ருமேனியத் தலைநகர் புகாரெஸ்ட்டில் ராபிட் கிளப் ரசிகர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். நம் பக்கம் வந்தால் மாணிக்கம், அந்தப் பக்கம் போனால் துரோகி என்றால் எப்படி?

சரி, போடோலாவுக்கு வருவோம். 1912-இல் பிரஷோவில் பிறந்த ஹங்கேரியர் அவர். அப்போது அந்த ஊர் ஆஸ்திரிய-ஹங்கேரியின் கையில் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்து, அந்த ஊர் அடங்கிய ட்ரான்சில்வேனியாவே ருமேனியாவுக்குப் போனபோது அவர் சின்னப் பையன். அந்த ருமேனியாவுக்காக 1931 முதல் 1939 வரை 48 ஆட்டங்களில் 30 கோல் அடித்தார். அந்த கோல் சாதனையை முறியடிக்க ஹாஜி என்ற பின்னாள் ருமேனிய நட்சத்திரம் வர வேண்டியிருந்தது. அதற்குள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. வளர்த்த கடனுக்கு இது போதாதா?

அவருக்காக வாதாடுகிறவர்கள் 'மனிதர் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது' என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. 1940 ஆகஸ்ட் 30 அன்று ஜெர்மனியும் இத்தாலியும் வியன்னாவில் உட்கார்ந்து வட ட்ரான்சில்வேனியாவை வெட்டி ஹங்கேரிக்குக் கொடுத்தன. அந்தச் சமயம் போடோலா இருந்தது புகாரெஸ்ட்டில். வீனஸ் கிளப்போடு 1939, 1940 என்று அடுத்தடுத்து லீக் பட்டம் வென்றிருந்தார். பிறந்த பிரஷோவும் ருமேனியாவிலேயே தங்கிவிட்டது. ஆக, ஹங்கேரி வசம் போன ஒரடியாவுக்கு அவராகத்தான் கிளம்பிப் போனார். அது அவர் முன்பு பல ஆண்டுகள் ஆடிய ஊர், அவருடைய மொழி பேசுகிற ஊர். இரண்டு நாட்டுக்கு ஆடக் கூடாது என்ற விதியும் அப்போது கிடையாது. 1930 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவுக்கு ஆடிய மோன்டி, 1934 இறுதியில் இத்தாலிக்கு ஆடிக் கோப்பையே வாங்கினார்.

ஒரடியா கிளப் 1944-இல் ஹங்கேரி லீக்கை வென்றது. புடாபெஸ்ட்டுக்கு வெளியே இருந்து ஒரு அணி அந்தப் பட்டத்தை வாங்கியது அதுவே முதல் தடவை, போடோலாவும் அந்த அணியில் இருந்தார். அதே 1944-இல்தான் அந்த ஊர் யூதர்களைக் கெட்டோ என்ற தனி அடைப்புப் பகுதியில் அடைத்து, ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயிலேற்றினார்கள். துரோகத்தைத் தேடுகிறீர்கள் என்றால் அங்கே தேடுங்கள், பந்து உதைத்தவனிடம் வேண்டாம்.

போருக்குப் பிறகு ஊர் மறுபடி ருமேனியா கைக்கு வந்தது. அப்புறம் 1949-இல் அதே கிளப் வேறு பெயரில் ருமேனிய லீக்கையும் வென்றது. இரண்டு நாட்டுப் பட்டமும் வாங்கிய கிளப்பை யாரும் துரோகி என்று திட்டவில்லை. போடோலா கடைசியில் புடாபெஸ்ட்டில் குடியேறி, 13 ஆட்டம் ஹங்கேரிக்கும் ஆடி முடித்தார். ருமேனியர்கள் அவருடைய 30 கோலில் ஒன்றைக்கூடக் கணக்கிலிருந்து அடிக்கவில்லை. ஒரடியா ஸ்டேடியத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கே இல்லாத கோபம் தஞ்சாவூரில் உங்களுக்கு எதற்கு?