பழைய பிக்கப், கழன்றுபோன ஆயில் ஹோஸ்: ஒர்க்‌ஷாப் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றி நானே ஓட்டும் பிக்கப், 2008 மாடல். ஆயில் கூலர் ஹோஸ் (இன்ஜின் ஆயிலைக் குளிரவைக்கும் கூலருக்குப் போய்வரும் குழாய்) இரண்டும் கசிந்ததால் காரைக்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். புது ஹோஸ் போட்டதாகச் சொல்லி 6,800 ரூபாய் வாங்கினார்கள். பில் இல்லை, ஜிபேயில் அனுப்பியதுதான் ஆதாரம். மூன்றாம் வாரம் தேவகோட்டை ரோட்டில் ஹோஸ் கழன்று ஆயில் கொட்டி இன்ஜின் சீஸ் ஆகி (இறுகி நின்று) விட்டது. பார்த்தால் பழைய ஹோஸையே வெட்டி கிளிப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். கேட்டால் "பழைய வண்டிக்கு கேரண்டி கிடையாது" என்கிறார்கள்.

பதில்: முதலில் இன்ஜினை யாரும் பிரிக்க விடாதீர்கள், அந்த ஒர்க்‌ஷாப்காரர் "நானே சரிசெய்து தருகிறேன்" என்று வந்தாலும் சரி. உங்கள் வழக்கே அந்த ஹோஸும் கிளிப்பும்தான். அவை இருக்கும் இடத்திலேயே, வண்டி நம்பரும் தெரியும்படி படமும் வீடியோவும் எடுங்கள். அந்த லைனில் இன்ஜின் ஆயில் பிரஷரோடு ஓடுகிறது. கம்பெனி ஹோஸில் இரும்புக் குழாயும் ரப்பரும் சேரும் இடத்தை மெஷினில் நசுக்கிப் பிடித்திருப்பார்கள், அங்கே வெட்டிவிட்டு வழுவழுப்பான குழாயில் கிளிப் மட்டும் போட்டால் எப்போது வேண்டுமானாலும் நழுவும். இதை வேறொரு அனுபவமுள்ள மெக்கானிக்கிடமோ, வண்டி சேதத்தை மதிப்பிடும் லைசன்ஸ் பெற்ற சர்வேயரிடமோ எழுத்தில் வாங்குங்கள், பின்னால் பிரமாணப் பத்திரமாகவும் வேண்டியிருக்கும்.

வண்டி பழசு என்பது தப்பான வேலைக்குப் பதில் ஆகாது. பழைய பொருளைப் புதுசு என்று சொல்லிக் கொடுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47)இல் நேர்மையற்ற வணிக நடைமுறை, பில் தராததும் அதே பிரிவில்தான் வருகிறது. அதனால் பில் இல்லையே என்று நீங்கள் பயப்பட வேண்டாம், ஜிபே ரசீதும் அவர்களோடு பேசிய வாட்ஸ்அப்பும் போதும், அவற்றைத் தாக்கல் செய்யும்போது 2023 சாட்சியச் சட்டம் பிரிவு 63(4) சான்று (போன் போன்ற மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழ்) இணைக்க வேண்டும், போனை மாற்றாதீர்கள்.

எதிர்த்தரப்பு எழுப்பப்போகும் ஒரே உருப்படியான வாதம், "இது வியாபார வண்டி, இவர் நுகர்வோரே இல்லை" என்பது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வியாபாரக் கணக்கில் சேர்க்காமல் சட்டமே விலக்கு தருகிறது. ஆனால் 2019 நுகர்வோர் சட்டத்தில் அந்த விளக்கம் பொருளைப் பற்றித்தான் பேசுகிறது, சேவை என்ற சொல் அதில் இல்லை. ஆகவே ரிப்பேர் கூலி கொடுத்தேன் என்று மட்டும் எழுதாமல், ஹோஸை அவர்களிடமே விலைக்கு வாங்கியதையும் சேர்த்து எழுதுங்கள். டிரைவர் வைக்காமல் நீங்களே ஓட்டுவதும் மனுவில் தெளிவாக இருக்கட்டும்.

இன்னொன்று, டேஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினீர்களா? அப்படியானால் வக்கீலிடம் மறைக்காதீர்கள், நஷ்ட ஈடு அதில் குறையும்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் பாருங்கள். பதில் இல்லையென்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை, கெடு 2 ஆண்டு. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரும் பதிந்து வையுங்கள், பல ஒர்க்‌ஷாப்காரர்கள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடுகிறார்கள்.