கேள்வி – பதில்: கோயிலில் கூட்டம், குன்றில் ஏன் இல்லை?

கேள்வி: மீனாட்சியம்மன் கோயிலுக்கு ஆண்டு முழுவதும் வெளியூர்க்காரர்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். தமிழிக் (தமிழ்பிராமி) கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உள்ள எங்கள் அரிட்டாபட்டிக்கு வருவோர் சொற்பமே. பழமையில் நாங்கள் குறைந்தவர்கள் அல்லவே, பிறகு ஏன் இந்த வேறுபாடு?
– வாசகர், மேலூர் வட்டம்

பதில்: பழமை என்று பார்த்தால் உங்கள் பகுதியை மிஞ்சக்கூடிய இடங்கள் தமிழகத்தில் அதிகம் இல்லை. அருகில் உள்ள மாங்குளத்தில், கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கல்வெட்டில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனின் பெயரே இருக்கிறது. ஆனால், ஓர் இடத்தின் வயதைப் பார்த்து யாரும் ஊரை விட்டுக் கிளம்புவதில்லை. வீட்டில் வேண்டுதல் இருக்கிறதா, பிள்ளைகளுக்கு விடுமுறையா, பேருந்து நேரே போகுமா, இரவு எங்கே தங்குவது என்பவற்றை வைத்துத்தான் பயணம் முடிவாகிறது.

மதுரைக்கு வருவோரில் பலருக்கு இது ராமேசுவரத்துக்கோ கொடைக்கானலுக்கோ கன்னியாகுமரிக்கோ செல்லும் வழியில் ஒரு நாள் தங்கும் ஊர். அந்த ஒரு நாளின் பொழுதுகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். காலை நேரம் தரிசனத்துக்குப் போய்விடுகிறது. பகல் 12.30 மணியளவில் சாத்தப்படும் நடை மாலை 4 மணிக்குத்தான் திறக்கிறது. மற்ற இடங்களுக்கு எஞ்சுவது இடைப்பட்ட அந்த மூன்றரை மணி நேரம், அதுவும் உச்சிவெயில். அந்த வேளையில், மதுரைக்கு அருகிலுள்ள கீழக்குயில்குடிச் சமணர் மலையின் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. ஆகவே நிழல் உள்ள திருமலை நாயக்கர் மகாலுக்கும், ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் அமைந்த காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கும் குடும்பங்கள் செல்கின்றன. கீழடிக்கு 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அதே வசதியைத் தந்திருக்கிறது. மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த பொருள்களைக் கூரையின்கீழ் உச்சிவெயில் நேரத்திலும் நின்று பார்க்கலாம்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. சமணர் மலையின் செட்டிப்புடவுக் குகைக்குள் சமண தீர்த்தங்கரர் சிற்பங்களும் அவற்றின் கீழே பழந்தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் வரிகளும் இருக்கின்றன. அவற்றைப் படித்து, செய்வித்தவர் யார், எந்த ஊர்க்காரர் என்று சொல்ல அருகில் ஒருவர் இருந்தால் வந்தவர் ஒரு மணி நேரம் நிற்பார். சொல்ல ஆளில்லையென்றால் ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். கோயிலில் நிலைமை வேறு. அங்கே வருகிறவருக்குச் சின்ன வயதிலேயே கதை தெரியும்.

ஆனாலும் தலைகளை எண்ணி ஏங்க வேண்டாம் என்பதே என் கருத்து. 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது உங்கள் ஊர்தான். அங்கே வல்லூறுகள் கூடு கட்டும் பாறைகளுக்குப் பேருந்து பேருந்தாகக் கூட்டம் வருவது நன்மையாகாது. மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலிருந்து வெயில் ஏறுமுன் வந்து சேரும் ஒரு பேருந்தும், கல்வெட்டைப் படித்துக் காட்டப் பழகிய உள்ளூர் இளைஞர்கள் சிலரும் இருந்தால், தேடி வருபவர் நிறைவோடு பார்த்துப் போவார், ஊருக்கும் வருமானம் கிடைக்கும். இந்த இரண்டையும் உங்கள் ஊராட்சி வழியாக வற்புறுத்திக் கேளுங்கள்.

கேள்வி: கோடையில் கொடைக்கானலில் மட்டும் ஏன் இவ்வளவு நெரிசல்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அந்த ஊர் மலைவாசத்தலமாக உருவானதே மதுரை வெயிலால்தான். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, 2,000 மீட்டருக்கும் மேல் உயரமான அந்த மலையில் 1845இல் வீடு கட்டிக் குடியேறினார்கள். நெரிசலுக்குக் காரணம் வெயில் மட்டும் அல்ல, பள்ளி விடுமுறையும் அதே மாதங்களில் வருகிறது. சித்திரா பௌர்ணமியன்று அழகர் இறங்குவதைக் காண வைகைக் கரையில் கூடும் மக்கள், பலரை மலையேற வைக்கும் அதே வெயிலில்தான் நிற்கிறார்கள். வேண்டுதலோடு வருகிறவர் பருவம் பார்ப்பதில்லை, ஓய்வுக்காகப் போகிறவருக்குப் பருவம்தான் எல்லாம். அதனால் கொடைக்கானலின் கூட்டம் முழுவதும் சில வாரங்களுக்குள் அடைபடுகிறது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அங்கே செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டதும், 2025 கோடையில் வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பு வைக்கப்பட்டதும் இதனால்தான்.