12 அடி டெக்குக்கு ஜாய்ஸ்ட் 2×8 போதுமா, 2×10 வேண்டுமா?

கேட்டவர் வர்ஜீனியாவில் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் இருக்கிறார். பின்வாசலை ஒட்டி 16 அடி அகலத்தில், வீட்டிலிருந்து 12 அடி வெளியே வரும்படி மர டெக் (திறந்த மேடை) போட வேண்டும். மரக்கடையில் ஜாய்ஸ்டுக்கு, அதாவது மேல் பலகைகளைத் தாங்கும் சட்டத்துக்கு, 2×8 (அங்குலத்தில்) போதும் என்றார்களாம், நண்பர் 2×10 இல்லாமல் போடவே கூடாது என்கிறாராம். ஜாய்ஸ்டுகளைத் தாங்கும் பீம் என்ன அளவு என்றும் கேட்டிருக்கிறார்.

ரெண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆனால் பீம் எங்கே வரப்போகிறது என்று ரெண்டு பேருமே கேட்கவில்லையே, முதலில் முடிவு செய்ய வேண்டியது அதுதான்.

ஜாய்ஸ்டின் ஸ்பான் என்பது மரத்தின் நீளம் இல்லை. வீட்டுச் சுவரில் பொருத்தும் லெட்ஜர் பலகைக்கும் பீமுக்கும் நடுவே அது எதையும் தொடாமல் தாண்டுகிற தூரம்தான் ஸ்பான். பீமை டெக்கின் வெளி ஓரத்திலேயே வைத்தால் பலகைகளின் தடிமன் எல்லாம் கழித்து உங்களுக்குக் கிட்டத்தட்ட 11 அடி 8 அங்குலம் வரும். சதுர அடிக்கு 40 பவுண்டு ஆள் சுமை, 10 பவுண்டு டெக்கின் சொந்த எடை என்று வைத்துப் போட்ட ஐஆர்சி (அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதித்தொகுப்பு) அட்டவணையில், சதர்ன் பைன் நம்பர் 2 மரத்துக்கு, 16 அங்குல இடைவெளியில், 2×6 என்றால் 9 அடி, 2×8 என்றால் 11 அடி 10 அங்குலம், 2×10 என்றால் 14 அடி. ஆக 2×8 நூலிழையில் தேறுகிறது, கடைக்காரர் சொன்னது காகிதத்தில் சரி. ஆனால் அனுமதித்த எல்லையின் விளிம்பில் நிற்கிற ஜாய்ஸ்ட் உடையாது என்றாலும், பத்துப் பேர் நடமாடினால் காலுக்கடியில் துள்ளும், நண்பர் பயப்படுவது அதற்காகத்தான் இருக்கும்.

கொஞ்சம் கணக்கு பார்த்துவிடலாம். ஒரே மாதிரி பரவின சுமையில் ஜாய்ஸ்ட் தொய்வது ஸ்பானின் நாலாம் அடுக்கில் கூடும், மரத்தின் உயரத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். 2×8 என்று விற்பதன் நிஜ உயரம் 7¼ அங்குலம், 2×10க்கு 9¼. இந்த ரெண்டு அங்குலம் விறைப்பை இரண்டு மடங்குக்கும் சற்று மேலே கொண்டுபோகிறது, அதாவது தொய்வு பாதி. இப்போது மரத்தை மாற்றாமல் பீமை மட்டும் உள்ளே தள்ளி ஸ்பானை 10 அடி ஆக்கிப் பாருங்கள், தொய்வு பழையதில் 54 சதவீதம்தான், கிட்டத்தட்ட அதே பலன். அதனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் 2×8 வாங்கி, பீமை உள்ளே இழுத்து, கடைசி 2 அடியைப் பீமுக்கு வெளியே கான்டிலீவராக நீட்டிவிடுவேன். இதற்கு ரெண்டு வரம்பு உண்டு. நீட்டல் ஸ்பானில் கால் பங்கைத் தாண்டக்கூடாது, உங்களுக்கு அது 2½ அடி. இன்னொன்று அட்டவணை 2×8க்குத் தருகிற 2 அடி 3 அங்குலம். 2 அடி ரெண்டுக்கும் உள்ளே அடங்குகிறது.

ஆனால் இது இலவசம் இல்லை, ஜாய்ஸ்டுக்குக் குறைத்ததைப் பீம் சுமக்கும். பீம் ஓரத்தில் இருந்தால் டெக்கின் பாதி, அதாவது 6 அடி அகலத்துச் சுமை அதன் தலையில். 2 அடி உள்ளே வந்ததும் 12×6÷10 (டெக்கின் 12 அடி, அதன் நடு 6, பீம் நிற்கும் தூரம் 10), அதாவது 7.2 அடி. சதுர அடிக்கு 50 பவுண்டு என்று வைத்தால் பீமின் ஒவ்வொரு அடிக்கும் 360 பவுண்டு. இணையத்தில் பலர் இந்த இடத்தில்தான் வெறுமனே ஸ்பானில் பாதி என்று 5 அடி போட்டுப் பீமைச் சின்னதாக்கிவிடுகிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள்.

16 அடி பீமுக்கு மூன்று போஸ்ட் வையுங்கள், ரெண்டு முனையிலும் ஒவ்வொரு அடி விட்டால் நடுவில் ஏழு ஏழு அடியாகப் பிரியும். ஜாய்ஸ்ட் ஸ்பான் 10 அடி இருக்கும்போது இரட்டை 2×8 பீமுக்கு 6 அடி 9 அங்குலம்தான் அனுமதி, போதாது. இரட்டை 2×10க்கு 8 அடி. அதைப் போடுங்கள். தோட்டத்தை மறைக்கிறது என்று ரெண்டே போஸ்டில் முடிக்கச் சிலர் ஆசைப்படுவார்கள், அதே ஓர் அடி முனைகளோடு நடுவில் 14 அடி வரும், ஆனால் 2×12 மூன்று சேர்த்தாலும் அட்டவணை 11 அடி 10 அங்குலத்தோடு நின்றுவிடும், மரச் செலவும் ஏறும்.

போஸ்ட் 6×6 ஆக இருக்கட்டும். பீம் அதன் தலையில் உட்கார வேண்டும், பக்கவாட்டில் போல்ட் அடித்துத் தொங்கவிடுவது இன்றும் பல பழைய டெக்குகளில் இருக்கிறது, அப்போது மொத்தச் சுமையும் ரெண்டு போல்ட்டை நம்பி நிற்கும். பீம் ஒரே நீளமாக ஓடினால் நடுப் போஸ்டுக்கு 3,000 பவுண்டைத் தாண்டிவிடும், மண் சதுர அடிக்கு 1,500 பவுண்டு தாங்கும் என்று எடுத்தாலும் 20 அங்குல விட்டத்தில் காங்கிரீட் அடித்தளம் வேண்டும். ஃபேர்ஃபாக்ஸில் ஆழம் குறைந்தது 24 அங்குலம். உங்கள் கவுண்டியில் சில பகுதிகளில் மரீன் கிளே என்ற களிமண் இருக்கிறது, ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும். உங்கள் மனை அதில் வருகிறதா என்று தோண்டுவதற்கு முன்பே கவுண்டியில் கேட்டுவிடுங்கள், அப்படி என்றால் நான் சொன்ன அடித்தள அளவு செல்லாது.

அப்புறம் ஒன்று, இதில் எனக்குக் கவலை அதிகம். சதர்ன் பைனின் வலிமை எண்களை 2013 ஜூனில் குறைத்தார்கள். அதற்கு முந்தைய ஸ்பான் அட்டவணைகள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன, அவை நீளமான ஸ்பானைத் தாராளமாகத் தரும். தேதி இல்லாத அட்டவணையைத் தொடாதீர்கள். அமெரிக்கன் வுட் கவுன்சிலின் டிசிஏ 6 வழிகாட்டி இலவசமாகவே கிடைக்கிறது, ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியும் தன் டெக் வரைபடங்களை வெளியிட்டிருக்கிறது. கடையில் மரத்தின் முத்திரையில் ரகத்தையும் தரத்தையும் பாருங்கள். அதே 2×8 சீடராக இருந்தால் 16 அங்குல இடைவெளியில் 10 அடி 7 அங்குலம்தான் போகும். மேலே காம்போசிட் பலகை போடப்போகிறீர்கள் என்றால் 16 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள், பலகையை ஜாய்ஸ்டுக்குக் குறுக்காக நேராக இல்லாமல் மூலைவாட்டில் போடுவதானால் 12.

ஹாட் டப் வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். 400 கேலன் தண்ணீர் மட்டுமே 3,300 பவுண்டுக்கு மேல், தொட்டி, ஆட்கள் எல்லாம் சேர்த்தால் சதுர அடிக்கு 100 பவுண்டு சுலபமாகத் தாண்டும். மேலே சொன்ன எந்த எண்ணும் அதற்குப் பொருந்தாது, பொறியாளர்தான் கணக்குப் போட வேண்டும்.

லெட்ஜருக்கு இந்த ஸ்பானில் அரை அங்குல லேக் ஸ்குரூ 18 அங்குலத்துக்கு ஒன்று, மேலும் கீழும் மாற்றி மாற்றி, மேலே தண்ணீர் இறங்காமல் ஃபிளாஷிங் தகடு. வெறும் ஆணியில் லெட்ஜரை விடவே கூடாது, டெக் சரிகிற விபத்துகளில் அடிக்கடி பிய்த்துக்கொண்டு வருவது அந்த இணைப்புதான். உங்கள் பின்சுவர் சைடிங்கா (பலகை உறை), செங்கல் முகப்பா என்று கேள்வியில் இல்லை. செங்கல் முகப்பு என்றால் அதில் லெட்ஜரைப் பொருத்தவே கூடாது, வீட்டுப் பக்கமும் ஒரு பீம், போஸ்ட் வரிசை போட்டு டெக்கைத் தனியாக நிற்க வைக்க வேண்டும், அப்போது மேலே சொன்ன பீம் கணக்கும் கொஞ்சம் மாறும். எது என்று சொன்னால் அதற்கேற்றபடி எழுதுகிறேன்.