பொன்வண்டைப் படமெடுக்க: ஒளியும் லென்ஸும், கேள்வி பதில்

புளியரை: அண்ணே, பொன்வண்டு முதுகில் ஃபிளாஷ் வெள்ளைப் பொட்டா விழுது. பச்சையே தெரியல.

தம்பி, அந்தப் பொட்டு உங்கள் ஃபிளாஷேதான். ஓடு கண்ணாடி மாதிரி, எதிரே இருப்பதைக் காட்டிவிடும். ஃபிளாஷைக் குறைத்தால் படம்தான் இருட்டும், பொட்டு போகாது. ஒளி வரும் பரப்பு பெரிதாக வேண்டும். டிரேசிங் தாளை வளைத்து வண்டுக்கு நாலு விரல் மேலே கூடாரம்போல் பிடியுங்கள். தாளை ஃபிளாஷோடு ஒட்டிவிட்டால் நடுவில் மட்டும் எரியும், பொட்டு திரும்ப வந்துவிடும், இடைவெளி விடுங்கள். ஃபிளாஷ் முகத்தில் இன்னொரு தாள் இருந்தால் இன்னும் நல்லது. கழுத்துப் பக்கத்துக் குட்டிக் குழிகள் தனித்தனியாகத் தெரிந்தால் ஒளி சரி. சாரல் நாளில் மூடின வானமே போதும்; வயிற்றுப் பக்கம் இருட்டும், கீழே வெள்ளை அட்டை வையுங்கள். வண்டைப் பிடித்து டப்பாவில் அடைக்காதீர்கள், மரத்திலேயே எடுங்கள்.

செங்கோட்டை: எந்த லென்ஸ் வாங்கலாம்?

100 எம்எம் மேக்ரோ, அதாவது மிக அருகில் எடுக்கும் லென்ஸ். வண்டுக்கும் லென்ஸுக்கும் நடுவே தாளை நுழைக்க இடம் கிடைக்கும். முழுப் பொன்வண்டுக்கு 1:2 போதும், அதாவது கேமரா சென்சாரில் வண்டின் பாதி அளவு உருவம்.

ஆரியங்காவு: 50 எம்எம் மட்டும்தான் இருக்கு. எந்த லென்ஸ் வாங்க?

வாங்கவே வேண்டாம். 50 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்) போட்டால் 1:1, அதாவது சென்சாரில் வண்டின் அதே அளவு, வந்துவிடும்.

குமுளி: லென்ஸ் துளையை எஃப்/22 என்று ரொம்பச் சின்னதாக வைத்தும் மங்கல்.

1:1இல் எஃப்/22 என்பது எஃப்/44 ஆக வேலை செய்யும். அவ்வளவு சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவிக் கூர்மை போகும். எஃப்/8இல் ஃபோகஸை நகர்த்திப் பல படம் எடுத்து, கணினியில் ஒரே படமாக அடுக்குங்கள்.

தென்மலை: ஃபிளாஷிலும் லென்ஸிலும் குறுக்காகப் போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) போட்டால் பளபளப்பு போயிடுமே! தாள் எதுக்கு?

பச்சையும் சேர்ந்து போய்விடும். அது சாயம் இல்லை. ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கும் நிறம். பளபளப்பை வெட்டினால் கறுத்த ஓடுதான் மிஞ்சும்.

தென்மலை: நான் எடுத்த வண்டில் பச்சை அப்படியே இருக்கே?

அது பொன்வண்டுதானா? சாணி வண்டின் உறவுக்கார வண்டுகள் சில, சுழல் முனைவாக்கம் கொண்ட, அதாவது அதிரும் திசை சுழன்றுகொண்டே வரும் ஒளியைத் திருப்பி அனுப்பும். இயற்பியலாளர் மைக்கேல்சன் 1911லேயே கண்டது. அந்த ஒளி குறுக்குப் போலரைசரையும் தாண்டி வரும்.

புளியரை: அப்போ அவர் சொல்றதும் சரிதானே?

அவர் வண்டுக்குச் சரி. உங்கள் பொன்வண்டுக்குத் தாள்தான்.

கம்பம்: இந்தப் படத்தில் இருப்பது என்ன வண்டு?

பூச்சியியல் படித்தவர்களிடம் கேளுங்கள்.

செங்கோட்டை: எந்த லென்ஸ்...

மேலே சொல்லியாயிற்று.

கடையநல்லூர்: பிரிட்ஜில் வைத்து மயக்கி எடுக்கலாமா?

கூடாது. குளிரில் விறைத்த கால், கொம்பு எல்லாம் படத்தில் தெரிந்துவிடும், வண்டுக்கும் வதை. விடியற்காலையில் அது தானே மெதுவாக இருக்கும். அப்போது போங்கள்.