பல துறைகளைச் சேர்த்து நமக்கென்று வடிவமைத்துக்கொள்ளும் பிஎச்டி படிக்கலாமா? ஊர் திரும்பினால் வேலை கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் விவரமாகவே எழுதியிருக்கிறார். கணினிப் பொறியியல் படித்தவர், கல்வெட்டுகளில் ஆர்வம். இரண்டையும் சேர்த்து, பாடத்திட்டத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் பிஎச்டி ஒன்றில் வட அமெரிக்காவில் சேரலாமா, திரும்பி வந்தால் அதற்கு மதிப்பு இருக்குமா என்பது சந்தேகம்.

நீங்கள் ஐடி கம்பெனியில் மூன்று நான்கு வருஷம் ஓட்டியிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஏதாவது பழைய கோயிலுக்குப் போய், போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அதிட்டானத்தில், அதாவது கோயிலின் அடித்தளத்தில், இருக்கும் எழுத்தைப் படிக்கப் பார்த்திருப்பீர்கள். இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்த ராத்திரி தூக்கம் போயிருக்கும். எனக்கு 2014-இல் போனது.

நான் ஆராய்ந்தது நாதஸ்வரம். வாசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. அது ஏன் அப்படி ஒலிக்கிறது, ஏன் ஆச்சா மரம், செய்கிறவர்கள் எதைக் கண்ணால் அளக்கிறார்கள், எதைக் காதால் அளக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. ஒலியியல், மர அறிவியல், மானுடவியல் மூன்றும் கலந்த பிஎச்டி. நான் மேளக்காரர் குடும்பம் இல்லை. கும்பகோணத்தில் அப்பா பேங்க் கிளார்க், நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். 'உனக்கு இதில் என்ன தகுதி' என்று கேட்க வருபவர்கள் வரிசையில் வரவும். முதல் ஆளாக என் அத்தை நிற்கிறார்.

இந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கனடாவில் மான்ட்ரியலில் கன்கார்டியா, வான்கூவர் பக்கம் சைமன் ஃப்ரேசர் என்று பல பல்கலைக்கழகங்களில் உண்டு. சைமன் ஃப்ரேசரில் முன்பு இதற்குப் பெயரே 'ஸ்பெஷல் அரேஞ்ச்மென்ட்ஸ்'. நேர்மையான பெயர், ஏன் மாற்றினார்களோ. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இந்த மாதிரிப் படிப்புக்கென்றே காலட்டின் என்று ஒரு பள்ளி 1972-இலிருந்து இருக்கிறது, அங்கே எம்.ஏ. வரை. நான் படித்தது இவை எதிலும் இல்லை. அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு அரசுப் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம், எனக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதுகிறவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

சாதாரண பிஎச்டிக்கு ஒரு துறையில் விண்ணப்பிப்பீர்கள். துறை இடம் கொடுக்கும், பிறகு கைடு அமைவார். இங்கே தலைகீழ். உங்கள் ஆய்வை ஏன் இருக்கிற எந்தத் துறையிலும் செய்ய முடியாது என்று எழுதி நிரூபிக்க வேண்டும். எந்தெந்தத் துறையில் என்னென்ன பாடம் எடுப்பீர்கள் என்று பட்டியல் போட வேண்டும். வெவ்வேறு துறையைச் சேர்ந்த மூன்று நான்கு பேராசிரியர்களிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். பெண் பார்த்து, சத்திரம் பிடித்து, சமையலுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு அப்பாவிடம் போய்க் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்கிற மாதிரி.

நான் அங்கேயே மெக்கானிக்கலில் எம்.எஸ். முடித்துக்கொண்டிருந்ததால் கதவு கதவாகத் தட்ட முடிந்தது. ஊரிலிருந்து மின்னஞ்சலில் இதைச் செய்வது ரொம்பக் கஷ்டம். முடியாது என்று சொல்லவில்லை, செய்தவர்கள் இருப்பார்கள், கமென்டில் வந்து சண்டை போட வேண்டாம்.

ப்ரொபோசல் கூட்டத்தில் ஒருவர் கேட்டார், கல்யாண வீட்டு வாத்தியத்தில் இயற்பியல் என்ன இருக்கிறது என்று. சி. வி. ராமன் 1920-இலேயே மிருதங்கத்தையும் தபலாவையும் பற்றி நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார் என்றேன். தோல் வாத்தியங்களில் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரங்கள் பொதுவாகக் கண்டபடி சிதறிக் கிடக்கும், இவற்றில் நடுவில் அந்தக் கருப்புப் பசை பூசியதால் ஒழுங்குக்கு வருகின்றன என்று ராமன் காட்டினார். கேட்டவர் தலையாட்டினார். உள்ளே நுழைய ராமன் பெயர் உதவியது. நம் ஊர் வாத்தியத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர் சிபாரிசு செய்தால்தான் கதவு திறக்கிறது என்பது தனி வருத்தம்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் சொர்க்கம். அதை மறைக்க மாட்டேன். காலையில் எதிரொலியே இல்லாத அறையில் மைக் வைத்து அளவெடுப்பேன், மத்தியானம் மரத்தை மெல்லிய ஏடாகச் சீவி நுண்நோக்கியில் பார்ப்பேன், சாயங்காலம் மானுடவியல் வகுப்பில் கைவினைஞர்களின் அறிவைப் பற்றிச் சண்டை. எனக்கென்று மேசை கிடையாது, ஏனென்றால் எனக்கென்று துறை கிடையாது. பஸூன் என்ற மேற்கத்தியக் குழல் வாத்தியம் வாசிக்கும் ஒரு பெண் இசைத் துறையில் தன் லாக்கரைப் பகிர்ந்துகொண்டாள். பஸூனுக்கும், நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நம் சீவாளி மாதிரி இரட்டை நாணல்தான். அவள் கத்தியால் நாணலைச் சுரண்டி, வாயில் வைத்து ஊதி, மறுபடி சுரண்டுவதைப் பார்த்தபோது திருவாவடுதுறையில் சீவாளி கட்டுகிறவர் ஞாபகம்தான் வந்தது. இருவருக்கும் ஒரே முகச்சுளிப்பு. ஒரே துறைக்குள் அடைந்து கிடந்திருந்தால் அந்த லாக்கர் பக்கம் நான் போயிருக்கவே மாட்டேன்.

குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் அறைக் காற்று வறண்டுவிடும். கொண்டுபோயிருந்த நாயனத்தின் உலவில், அதாவது அந்த மரக்குழலில், எங்கே வெடிப்பு விழுமோ என்று பயந்து, பெட்டிக்குள் ஈரத்துணி சுற்றிய சோப்பு டப்பா ஒன்று வைத்திருந்தேன். மர அறிவியல் பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் ஈரப்பதம் பற்றிப் பேசினார். ஆய்வின் இரண்டாவது அத்தியாயமே அந்தச் சோப்பு டப்பாவிலிருந்து வந்ததுதான்.

பிறகு நரசிங்கம்பேட்டை. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழி. அங்கே செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நான் போனது அதற்கு வெகு முன்னால். ஆச்சா மரம் இரும்பு மாதிரிக் கனம். பழைய வீடு இடிக்கிற இடத்தில் வாங்கிய உத்தரக்கட்டையை அறுத்துத்தான் கடைகிறார்கள், பல பத்து வருஷம் காய்ந்த மரம் என்பதால்.

மனிதர்களிடம் பேசி ஆராய்வதற்குப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். நான்கு பக்கச் சம்மதப் படிவத்தைத் தமிழில் மொழிபெயர்த்து எடுத்துப்போனேன். 'இந்த ஆய்வினால் உங்களுக்கு ஏற்படக்கூடிய ஆபத்துகள்' என்று ஒரு தலைப்பு. பட்டறையில் இருந்த பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "ஏம்மா, இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு நான் கடையறது உங்க யுனிவர்சிட்டிக்குச் சொந்தமாயிடுமா?" என்றார். இல்லை ஐயா என்றேன். "அப்ப எதுக்குக் கையெழுத்து?" என்னிடம் பதில் இல்லை. வாய்மொழிச் சம்மதம் போதும் என்று குழுவிடம் தனியாக அனுமதி வாங்க இரண்டு மாதம். மானுடவியல் பேராசிரியர் அந்தக் கேள்வியையே ஒரு அத்தியாயமாக எழுதச் சொன்னார். ஒலியியல் பேராசிரியர் அது ஆய்வே இல்லை, அனுபவக் கட்டுரை என்றார். இரண்டு பேரும் என் ஆய்வை மேற்பார்க்கும் கமிட்டியில். நடுவில் நான்.

அந்தப் பட்டறையில் கேட்ட கதைதான் எனக்கு எப்போதும் தெம்பு. நாதஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளை காலத்துக்கு முன் திமிரி நாயனம்தான் வழக்கம், குட்டை, சுருதி ஏறியது. அவர் சுருதி இறங்கிய, நீளமான பாரி நாயனத்துக்கு வந்தார். நீளத்தைக் கூட்டினால் துளைகள் எல்லாம் இடம் மாற வேண்டும், சுத்த மத்தியமம் என்ற சுரம் சரியாக நிற்காமல் அடம்பிடித்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுப்பார், பிள்ளை வாசித்துப் பார்த்துக் குறை சொல்வார், ஆசாரி மறுபடி கடைவார். அப்படித்தான் சுரம் சேர்ந்தது. இரண்டே பேர் கமிட்டி, இரண்டு துறை, கூட்டக் குறிப்பு எதுவும் கிடையாது.

என் கமிட்டி நான்காம் வருஷம் உடைந்தது. மர அறிவியல் பேராசிரியர் வேறு மாநிலத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். சாதாரண மாணவனுக்கு இப்படி நடந்தால் துறைத் தலைவர் இன்னொருவரை நியமிப்பார். எனக்குத் துறையே இல்லையே, யார் நியமிப்பது? மூன்று துறைக்கும் நான் விருந்தாளி. விருந்தாளிக்காகச் சண்டை போட யாரும் வரமாட்டார்கள். அதே துறையிலிருந்து வேறொருவர் கையெழுத்து வரும்வரை தகுதித் தேர்வு கிடையாது என்று பட்டப்படிப்பு அலுவலகம் சொல்லிவிட்டது. ஏழு மாதம் அலைந்தேன்.

பணமும் அப்படியே. அங்கே டியூஷன் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை. அதைத் துறைகள் தங்கள் பிள்ளைகளுக்குத்தான் முதலில் கொடுக்கும், மிச்சம் இருந்தால் நமக்கு. இரண்டு செமஸ்டர் மிச்சம் இல்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில், வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். நூலகத்தில் இரவு ஷிப்ட் பார்த்தேன். அப்பா வீட்டு மேல் கடன் வாங்கி அனுப்பினார். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொரு சின்ன விஷயம், உங்களுக்கு முக்கியம். அமெரிக்காவில் ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு வகைப்பாட்டு எண் உண்டு. படிப்பு முடித்து 12 மாதம் வேலை செய்யலாம், அதற்கு மேல் 24 மாதம் நீட்டிப்பு வேண்டுமானால் அந்த எண் அரசின் அறிவியல் தொழில்நுட்பப் பட்டியலில் இருக்க வேண்டும். பல்துறைப் பட்டங்களில் சில எண்கள் பட்டியலில் இருக்கும், எல்லாம் இருக்காது. நீங்கள் ஆறு வருஷம் முழுக்க நிரல் எழுதியிருந்தாலும் அவர்கள் எண்ணைத்தான் பார்ப்பார்கள். சேரும் முன் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, ஊர் திரும்பிய கதை. என் சான்றிதழில் 'இன்டர்டிசிப்ளினரி ஸ்டடீஸ்' என்று மட்டும்தான் இருக்கிறது. நாதஸ்வரமும் இல்லை, ஒலியியலும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு 'உரிய, தொடர்புடைய அல்லது சார்ந்த' பாடத்தில் முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் துறை நேர்முகம். எம்.எஸ். சரி, பிஎச்டி மெக்கானிக்கல் இல்லையே என்றார்கள். இன்னொரு இடத்தில் இசைத் துறை. பிஎச்டி ஓரளவு சரி, முதுகலை இசை இல்லையே என்றார்கள். ஒரு விண்ணப்பத்தில் 'பாடம்' என்ற கட்டத்தைச் சொடுக்கினால் நூற்றுக்கு மேல் பாடங்கள் இறங்கி வந்தன, என்னுடையது இல்லை. 'மற்றவை' என்று போட்டேன். 'மற்றவை' போட்டவர்களுக்கு அழைப்பு வருவதில்லை என்று பிறகு தெரிந்தது. ஒரு குழுவில் இருந்தவர் அன்பாகவே கேட்டார், "நாதஸ்வரத்துல டாக்டரேட்டா? ரெண்டு வரி வாசிச்சுக் காட்டுங்களேன்." எனக்கு வாசிக்கத் தெரியாது என்றதும் அறையில் சிரிப்பு.

வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைச் சான்றிதழுக்கான விதியை யுஜிசி 2025 ஏப்ரலில் மாற்றியிருக்கிறது. என் காலத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏஐயுவிடம் வாங்கினோம். அந்தச் சான்றிதழ் உங்கள் பட்டம் பிஎச்டிதான் என்று சொல்லும், எந்தத் துறை பிஎச்டி என்று எந்த நேர்முகத்திலும் உங்களுக்காக வாதாடாது. தேசியக் கல்விக் கொள்கையில் பக்கத்துக்குப் பக்கம் பல்துறை என்று இருக்கிறதே என்பீர்கள். கொள்கை டெல்லியில் இருக்கிறது, அந்தக் கட்டம் கல்லூரி கிளார்க்கின் கணினியில் இருக்கிறது.

இப்போது பெங்களூரில் ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் ஒப்பந்த வேலை. மாணவர்களுக்கு ஒலியும் பொருளும் பற்றிப் பாடம் எடுக்கிறேன். சம்பளம் உங்கள் ஐடி சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். புலம்பவில்லை, கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாவிட்டால் ஆறாது. போன மாதம் உறவில் ஒரு கல்யாணம். நாயனக்காரர் தோடி ராகம் எடுத்து அப்போதுதான் மேலே போகிறார். போட்டோகிராபர் கையைத் தூக்கி "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க, மைக்ல சவுண்டு போகுது" என்கிறார். வீடியோவில் சினிமாப் பாட்டுச் சேர்க்கப் போகிறாராம், பின்னணி சுத்தமாக வேண்டுமாம். அவரும் சீவாளியை வாயிலிருந்து எடுத்து, துணியில் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கெட்டிமேளத்துக்கு மட்டும் கூப்பிட்டார்கள். சாப்பாடு கடைசிப் பந்தி, அப்பளம் தீர்ந்துவிட்டது. ஏழு வருஷம் நான் அளந்த ஒலியை நிறுத்த அந்தப் பையனுக்கு ஒரு கை போதுமாக இருந்தது. நான் எழுந்து சத்தம் போட்டேன், அத்தை கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கணினி அறிவியல் துறையிலேயே முறையாகச் சேருங்கள். கல்வெட்டைத் தலைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த எழுத்தைப் படத்திலிருந்து மீட்பது அந்தத் துறைக்குப் புரியும் பிரச்சினைதான். கல்வெட்டு தெரிந்த ஒருவரைக் கமிட்டியில் வெளி உறுப்பினராகப் போட்டுக்கொள்ளலாம். மேசை கிடைக்கும், பணம் கிடைக்கும், சான்றிதழில் படிக்கத் தெரிந்த பெயர் இருக்கும். கோழை மாதிரிப் பேசுகிறேன் என்று தோன்றினால் தோன்றட்டும்.

இல்லை, உங்கள் ஆய்வு நிஜமாகவே எந்தத் துறையிலும் அடங்காது, என்னுடையது மாதிரி என்றால் தனி வடிவமைப்புக்கே போங்கள். நான் மறுபடி போவேனா என்று கேட்டால், போவேன். ஆனால் கமிட்டிக்கு ஆள் பிடிக்கும்போது அவர்கள் கட்டுரை எத்தனை, புகழ் எவ்வளவு என்று பார்க்காதீர்கள். யார் ஓய்வு பெறப்போகிறார்கள், யார் வேறு ஊரில் வேலை தேடுகிறார்கள் என்று அவர்களுடைய பழைய மாணவர்களிடம் காபி வாங்கிக் கொடுத்து விசாரியுங்கள். நான் விசாரித்திருந்தால் அந்த ஏழு மாதம் மிச்சமாகியிருக்கும். அவர் கிளம்பப்போவது அந்த வளாகத்தில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.