டயாலிசிஸில் இருக்கும் அம்மாவும் 10 வருடக் கேள்வியும்

கேள்வி: அம்மாவுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் டயாலிசிஸ் நடக்கிறது. ஆய்வுக்கு வந்த ஒருவர், “இப்படியே 10 வருடம் வாழ்வீர்களா, முழு ஆரோக்கியத்தோடு அதைவிடக் குறைவாக வாழ்வீர்களா?” என்று கேட்க, ஒரு நாளைக்கூட விடமாட்டேன் என்றுவிட்டார் அம்மா. நோயே இல்லை என்று எழுதி காப்பீட்டை நிறுத்திவிடுவார்களா?

பதில்: நிறுத்த மாட்டார்கள். ஒரு நோயோடு வாழும் நிலைக்கு எவ்வளவு மதிப்பு என்று ஆய்வுக்காக எண் போடத்தான் அந்தக் கேள்வி. இது தனி ஆளுக்குப் போடும் மார்க் இல்லை, பல பேருடைய பதிலைச் சேர்த்து எடுக்கும் சராசரி.

ஆனால் உங்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. இப்படியே 10 வருடம் வாழ்வதற்குப் பதில் ஆரோக்கியமான 6 வருடம் போதும் என்றால் அந்த நிலைக்கு மதிப்பு 0.6. எதையும் விடமாட்டேன் என்றால் 1, அதாவது முழு ஆரோக்கியம். ஊசி வலி, தண்ணீரை அளந்து குடிப்பது, மறுநாள் முழுக்க அசதி, எல்லாம் இருந்தும் 1! பேத்தி கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் சொல்வார், ஆயுளைக் குறைத்துப் பேசுவதே பாவம் என்பார் இன்னொருவர், மூன்றாமவருக்குக் கேள்வியே புரிந்திருக்காது. மூவருக்கும் அதே 1தான். நோயை அளக்கப் போய் உயிர்மேல் உள்ள ஆசையை அளந்துவிட்டு வருகிறார்கள்.

இதே கேள்வியை, குணமாகலாம் அல்லது உடனே சாகலாம் என்ற சூதாட்டமாகவும் கேட்பதுண்டு. அதில் பயந்த சுபாவக்காரர்களின் எண் ஏறிவிடும். உடல்நிலை எப்படி என்று 0 முதல் 100 வரை கோட்டில் குறிக்கச் சொன்னால் அதே ஆள் வேறு எண் தருவார்.

எனக்குக் கோபம் எதில் என்றால், இந்தியாவுக்கென்று 2022ல் வெளியான மதிப்பு அட்டவணை, அதாவது எந்த உடல்நிலைக்கு எத்தனை மதிப்பு என்ற பட்டியல், 5 மாநிலங்களில் 3,548 பொதுமக்களைக் கேட்டு உருவானது. படுக்கையில் கிடப்பது எப்படி இருக்கும் என்று பெரும்பாலும் நன்றாக இருப்பவர்கள் கற்பனை செய்து சொன்னது. மருத்துவச் செலவுக்கு வரி கட்டுவது பொதுமக்கள்தானே என்று இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். நோயாளி வரி கட்டுவதில்லையா?

அப்புறம் முக்கியமான ஒன்று. இந்த மதிப்பெண்ணைக் காட்டி ஊனச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சான்றிதழில் வரும் ஊனச் சதவீதத்தை அரசு மருத்துவர்கள் பரிசோதித்துப் போடுவார்கள், அது வேறு கணக்கு. 2016ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 ஊன வகைகளில் சிறுநீரகச் செயலிழப்பு இல்லவே இல்லை. தரகருக்கு இது நன்றாகத் தெரியும்.

அம்மா சொன்னதில் தப்பே இல்லை, மாற்றிச் சொல்ல வைக்காதீர்கள். அந்த ஆய்வாளர் மறுபடி வந்தால், ஏன் விடமாட்டேன் என்றார் என்ற காரணத்தையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.