இடக்கைக்காரருக்கு எந்த ஷொட்கன்?

வாங்குவதென்றால் மேலும் கீழுமாகக் குழல் வைத்த இரட்டைக்குழல் துவக்கு, பிடங்கு (தோளில் அணைக்கும் பின்பகுதி) இடப்பக்கம் வளைந்ததாக. நேர்ப் பிடங்கும் பரவாயில்லை. வலக்கைக்காரருக்கான தானியங்கித் துவக்கு வேண்டாம். சுட்ட வெற்றுத் தோட்டாக்கோது வலப்பக்கமாகத் தெறித்து உங்கள் முகத்துக்கு முன்னால் பறக்கும்.

இரவல் துவக்கில், பறக்கவிடும் களிமண் தட்டுக்கு வலப்பக்கமாகவே சுடுபடுது, கன்னமும் கண்டிப்போகுது என்று எழுதியிருக்கிறீங்கள். பெரும்பாலும் காரணம் பிடங்குதான். வலக்கைக்காரருக்காக அதை வலப்பக்கம் கொஞ்சம் வளைத்திருப்பார்கள். உங்களுக்கு அது கன்னத்தை வெளியே தள்ளும், கண்ணும் குழலின் நடுவை விட்டு வலப்பக்கம் போய்விடும். கண் போன பக்கம்தான் சன்னமும் போகும்.

இதைப் பாருங்கோ:

1. துவக்கை மடித்துத் திறந்து, இரண்டு குழலும் வெறுமை என்று கண்ணால் உறுதிசெய்துவிட்டு மூடுங்கோ. பிடங்குப் பக்கமிருந்து குழல் நீளத்துக்குப் பாருங்கோ. பிடங்கின் அடி வலப்பக்கம் விலகியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

2. கையை நீட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே சின்ன இடைவெளி விட்டு, அதற்குள்ளால் சுவர்மணிக்கூட்டைப் பாருங்கோ. இடக்கண்ணை மூட மணிக்கூடு மறைந்தால் உங்களுக்கு ஆளும் கண் (குறிபார்க்க மூளை முதலில் நம்பும் கண்) இடக்கண்.

மறைவது வலக்கண்ணை மூடும்போதென்றால் ஆளும் கண் வலக்கண், புதுத் துவக்கு மட்டும் உதவாது. பாதுகாப்புக் கண்ணாடியின் வலச்சில்லில் மங்கலான டேப் துண்டொன்று ஒட்டிச் சுட்டுப் பாருங்கோ. இதைத் தெரியாமல் காசைக் கொட்டியவர்களை நான் கண்டிருக்கிறன், மனம் நோகும்.

மரப்பிடங்கைச் சூடுகாட்டி வளைக்கலாம், ஆனால் கைதேர்ந்தவரிடம் மட்டும். கொழும்பில் எதை வாங்கினாலும் முற்பணம் கட்டமுன் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திர விஷயத்தை முடியுங்கோ.